முதல் ஆர்டரை யார் தருவது? பொதுத்துறை கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கொள்முதல் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் இயங்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும், ரயில்வே, பாதுகாப்புத் துறை ஆலைகளிலும் கொள்முதல் பிரிவில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். சென்னையை அடுத்த திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். புஷ், பின், ஸ்பேசர், ஃபிளாஞ்ச் என்று கடைசல் வேலை. உங்களில் யாரையும் குறிவைத்து எழுதவில்லை. எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்களும் நடத்துகிற சிறு பட்டறைகளுக்கு முதல் ஆர்டரை நீங்கள் தர வேண்டும். சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. டெண்டரில் நீங்கள் எழுதுகிற தகுதி நிபந்தனைகள்தான் எங்களைத் தடுக்கின்றன.

சட்டம் சொல்வது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2012 மார்ச்சில் ஒரு கொள்முதல் கொள்கை ஆணை போட்டது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஓராண்டில் வாங்குகிற பொருள்களிலும் சேவைகளிலும் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்றது அந்த ஆணை. 2015 ஏப்ரல் முதல் அது கட்டாயமானது. 2018 நவம்பரில் 20 என்பது 25 ஆனது. அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் புதிதாகச் சேர்ந்தது. டெண்டர் படிவத்துக்குக் காசு இல்லை, இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்றெல்லாம் சலுகைகள் உண்டு. காகிதத்தில் இதைவிட என்ன வேண்டும்?

நடப்பதைப் பார்ப்போம். எந்தப் பொதுத்துறை நிறுவனம் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்பதைக் காட்ட 2017 டிசம்பரில் 'சம்பந்த்' என்று ஓர் இணையதளம் தொடங்கினார்கள். அதைத் திறந்து பாருங்கள். மொத்த 25 சதவீத இலக்கைப் பல நிறுவனங்கள் தாராளமாகத் தாண்டியிருக்கும். பக்கத்திலேயே பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான கட்டம் இருக்கும். அங்கே 4 சதவீதத்துக்கு வெகு தொலைவில் நின்றுவிட்டவைதான் அதிகம். ஆண்டறிக்கையில் பெரிய எண்ணைப் போட்டுப் பாராட்டு வாங்குகிறீர்கள். சிறிய எண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பதற்கான விடையும் அந்த ஆணையிலேயே இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டாலோ, டெண்டர் நிபந்தனைகளையும் எல்1 விலையையும் (டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலை) எட்டாவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தை மற்றச் சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. எட்ட வேண்டிய நிபந்தனைகளை எழுதுவது யார்? நீங்கள்தான். நிபந்தனை உயரமாக இருந்தால் ஆள் வரமாட்டார். ஆள் வராவிட்டால் இலக்கு பொதுக் கணக்கில் கரைந்துவிடும். யாருடைய மனதிலும் தீய எண்ணம் இருக்க வேண்டியதில்லை. பழைய டெண்டர் ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, அதே நிபந்தனைகளோடு மறுபடி வெளியிட்டாலே போதும், இது தானாக நடந்துவிடும்.

அந்த நிபந்தனைகள் எங்களை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்று என் பட்டறையிலிருந்தே காட்டுகிறேன்.

நாங்கள் ஒரு கன்மெட்டல் புஷ் செய்கிறோம், அதாவது சுழலும் தண்டைத் தாங்குகிற வெண்கலக் கலவை வளையம். வார்ப்புக் கடையிலிருந்து உருளையாக வரும். வெளிப்பக்கம் டர்னிங், பிறகு போர், எண்ணெய் போக உள்ளே ஒரு பள்ளம், கடைசியில் ஃபேசிங். உள்விட்டத்தில் மைக்ரான் கணக்கில்தான் விட்டுக்கொடுக்க முடியும். பிளக் கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. எங்களிடம் வேலை செய்கிற ஒரு பெண் ஒவ்வொரு புஷ்ஷையும் கேஜில் பார்த்து, பிசிறு தட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். இந்த வேலையை ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க்காகச் செய்துகொடுக்கிறோம். அந்தக் கம்பெனி தன் டெலிவரி சலானில், தன் பெயரில், ஒரு பொதுத்துறை ஆலைக்கு அதை அனுப்புகிறது. அந்த ஆலையின் இன்ஸ்பெக்டர் எங்கள் பட்டறைக்கே வந்து, எங்கள் மேசையில் வைத்து, எங்கள் கேஜை வாங்கிச் சோதித்துப் பார்த்து, லாட்டுக்கு ஓகே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதே ஆலை அதே புஷ்ஷுக்கு டெண்டர் விட்டபோது நான் போட்டேன். டெக்னிக்கல் பிட்டிலேயே, அதாவது தகுதி பார்க்கிற முதல் கட்டத்திலேயே, வெளியே போனேன். காரணம், 'இதே பொருளைக் கடந்த 3 ஆண்டுகளில் அரசுத் துறைக்கோ பொதுத்துறை நிறுவனத்துக்கோ நேரடியாக சப்ளை செய்ததற்கான பர்ச்சேஸ் ஆர்டர் நகல்' என்னிடம் இல்லை. இருக்கிற ஆர்டர்கள் எல்லாம் தனியார் கம்பெனியின் பெயரில். என் விலை என்ன என்று பார்ப்பதற்கு என் பிரைஸ் பிட்டைத் திறக்கவே இல்லை. அந்த ஆலையின் இயந்திரத்துக்குள் நாங்கள் கடைந்த புஷ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலையின் சப்ளையர் பட்டியலில் நாங்கள் இல்லை. நடுவில் இருக்கிற கம்பெனியின் லாபத்தையும் சேர்த்து ஆலைதான் கொடுக்கிறது, அதாவது மக்கள் பணம்.

இது என் ஒருத்திக்கு மட்டும் நடந்ததாக இருந்தால் மடல் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பேட்டையிலும், அம்பத்தூர், காக்களூர் பக்கமும் இருக்கிற சின்னப் பட்டறைக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். முன் அனுபவம் கேட்கிறார்கள்; அனுபவத்துக்கு ஆர்டர் வேண்டும்; ஆர்டருக்கு முன் அனுபவம் வேண்டும். அப்பா காலத்திலிருந்து சப்ளை செய்கிற குடும்பம் இந்த வட்டத்துக்குள்ளேயே பிறக்கிறது. வீட்டில் முதல் ஆளாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு அந்த வட்டத்தில் வாசலே இல்லை. அப்படி வெளியே நிற்பவர்களில் பெண்களும் பட்டியல் சாதியினரும் அதிகமாக இருப்பது தற்செயல் இல்லை. யாருக்கு நேற்றுவரை சொத்தும் தொடர்பும் இல்லாமல் இருந்ததோ அவர்களிடம்தான் பழைய பர்ச்சேஸ் ஆர்டரும் இருக்காது.

இந்த நிபந்தனையைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரம் இல்லையா? இருக்கிறது. தரமும் தொழில்நுட்ப விவரக்குறிப்பும் சரியாக இருந்தால் குறு, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவம், முந்தைய டர்ன்ஓவர் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று 2016 மார்ச்சிலேயே மத்திய அரசின் சுற்றறிக்கை வந்துவிட்டது. 'தளர்த்தலாம்' என்று இருப்பதால், தளர்த்தாமல் விடுவதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறீர்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. நாளைக்கு ஒரு புஷ் உடைந்து மிஷின் நின்றால், 'அனுபவம் இல்லாதவருக்கு ஏன் கொடுத்தாய்' என்று விஜிலென்ஸ் உங்களைத்தான் கேட்கும். பழைய சப்ளையரின் புஷ் உடைந்தால் யாரும் உங்களைக் கேட்பதில்லை.

அதனால்தான் முழு ஆர்டரையும் எங்களிடம் தூக்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ரயில்வேயில் டெவலப்மென்டல் ஆர்டர் என்று தேவையில் ஒரு சிறு பகுதியைப் புதிய சப்ளையர்களுக்கு ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பல ஆலைகளில் டிரையல் ஆர்டர் என்பார்கள். கொஞ்சம் வாங்குங்கள். சாம்பிளைச் சோதனைச் சாலைக்கு அனுப்புங்கள். முக்கியமில்லாத இடத்தில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். தேறினால் அடுத்த டெண்டரில் அந்த டிரையல் ஆர்டரையே அனுபவச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். இதை வாய்மொழியாகச் செய்ய வேண்டாம். டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்: இத்தனை சதவீதம் புதியவர்களுக்கு, அதில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னுரிமை என்று. எழுத்தில் இருக்கும் ஒன்றைப் பின்பற்றியதற்காக உங்களை யார் கேள்வி கேட்க முடியும்? பாய்லர் டியூப், பிரேக் பாகம் என்று உயிரோடு சம்பந்தப்பட்டவற்றில் அனுபவம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். துடைக்கும் பஞ்சுக்கும், கேபிள் டிரேக்கும், மரப் பெட்டிக்கும், ஸ்பேசருக்கும் 3 வருட அனுபவம் எதற்கு?

இன்னொரு விஷயத்தை வெளியில் அதிகம் பேசுவதில்லை. 2025 ஏப்ரல் முதல் குறு, சிறு நிறுவனம் யார் என்பதற்கான வரம்பு உயர்ந்துவிட்டது. ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் விற்றுமுதல் வரை இருந்தாலும் 'சிறு நிறுவனம்'தான். வளர்கிற நிறுவனங்களுக்கு இது நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் 90 கோடி விற்கிறவரும், மூன்று லேத்தோடு நிற்கிற நானும் ஒரே பிரிவில் போட்டியிடுகிறோம். அவர் ஒருவரிடம் வாங்கினாலே உங்கள் 25 சதவீதக் கணக்கு நகர்ந்துவிடும்.

எல்1 விலைச் சலுகையும் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. பெரிய கம்பெனி 100 ரூபாய்க்கு எல்1 ஆக வந்து, நான் 115 ரூபாய்க்குள் சொல்லியிருந்தால், என்னை 100 ரூபாய்க்கு இறங்கி வரச் சொல்லி ஆர்டரில் 25 சதவீதம் வரை எனக்குத் தரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்1 ஆக வந்தவர் குறு, சிறு நிறுவனமாக இல்லாவிட்டால் மட்டுமே இந்த வாய்ப்பு. அந்த 90 கோடி நிறுவனம் எல்1 ஆக வந்துவிட்டால் கதவு மூடிக்கொள்கிறது. பெண்ணோ பட்டியல் சாதி உரிமையாளரோ இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் இருந்தாலும் கூப்பிட்டு விலை கேட்க வழியில்லை. இதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆண்டு அறிக்கையில், '4 சதவீதத்தை எட்ட முடியாததற்கு இந்த விதியும் ஒரு காரணம்' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பலாம். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் டெல்லியில் எடுபடும்.

அரசுத் துறைகள் பொருள் வாங்குகிற ஜெம் இணையதளம் இருக்கிறதே என்பீர்கள். 2016-இல் வந்தது, பெண்கள் விற்கும் பொருள்களுக்கு 2019 முதல் 'வுமனியா' என்று தனி ஏற்பாடும் உண்டு. நாற்காலி, சோப்பு, சீருடை, கைவினைப் பொருள் விற்கிறவர்களுக்கு அது நிஜமாகவே உதவியிருக்கிறது. வரைபடம் பார்த்துக் கடைகிற எங்கள் வேலை கேட்டலாகில் அடங்காது. எங்களுக்கு உங்கள் டிராயிங் வேண்டும், உங்கள் ஸ்டோர்ஸில் பழைய சாம்பிளைத் தொட்டுப் பார்க்க அனுமதி வேண்டும், சந்தேகம் வந்தால் ஃபோன் எடுக்கிற ஓர் இன்ஜினியர் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்டர் கிடைத்த பிறகு பல பட்டறைகள் சாய்வது இங்கேதான். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி ஆன நாளே ஏற்றுக்கொண்ட நாள். இதுதான் சட்டம். நடைமுறையில் பொருள் கேட்டுக்குள் போன தேதி ஒன்று, ஜி.ஆர்.என். (பொருள் பெற்றதற்கான ரசீது) போடுகிற தேதி வேறு. 45 நாளை இரண்டாவதிலிருந்து எண்ணுகிறார்கள். பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த என்கொயரி வருமா என்ற பயத்தில் பலர் கொடுப்பதில்லை. பில்லை வைத்து உடனே பணம் எடுக்க டிரெட்ஸ் ஏற்பாடு இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி, சேர்ந்தும் இருக்கிறீர்கள். ஆனால் என் பில்லை நீங்கள் அதில் ஏற்றுக்கொண்டதாக ஒப்புதல் கொடுத்தால்தான் எந்த வங்கியும் எனக்குப் பணம் தரும். அந்த ஒப்புதலுக்காக அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரைப் பார்ப்பது என்றுகூட எங்களுக்குத் தெரிவதில்லை. ஒரு பெயரும் ஒரு ஃபோன் எண்ணும் பர்ச்சேஸ் ஆர்டரின் அடியிலேயே அச்சிடுங்கள். சொந்த வீட்டை அடமானம் வைக்க முடிகிறவர் 4 மாதம் பொறுப்பார். வீடு தன் பெயரில் இல்லாத பெண்ணால் முடியாது.

இதற்கிடையில் அரசு இன்னொரு பக்கம் கடன் கொடுத்து எங்களைத் தொழிலுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. நல்ல திட்டம்; அதை வைத்துப் பட்டறை போட்டவர்களை எனக்குத் தெரியும். மிஷின் வந்துவிடுகிறது. ஓட்டுவதற்கு வேலை வருவதில்லை. இ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. மாநில அரசின் பணத்தில் வாங்கிய மிஷின், மத்திய அரசு ஆலையின் சுவருக்கு இந்தப் பக்கம் சும்மா நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒருவரோடு ஒருவர் பேசினால் என்ன? அந்தத் திட்டத்தில் கடன் வாங்கியவர்கள் யார், என்ன மிஷின் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் மாவட்டத் தொழில் மையத்தில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

முன்னாள் படைவீரர்கள் நிலை இன்னும் விநோதம். 2012 ஆணையில் அவர்களுக்கென்று தனி சதவீதமே கிடையாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்குநரகத்தின் மூலம் செக்யூரிட்டி ஏஜென்சி, நிலக்கரி ஏற்றி இறக்கும் வேலை என்று சில வழிகள் இருக்கின்றன. ஆனால் ராணுவத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் டாங்கி எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய ஹவில்தாருக்கு நாம் காட்டுகிற வேலை கேட்டில் நிற்கும் காவல்தானா? தமிழ்நாடு அரசு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் அவர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மானியமும் தருகிறது. அமெரிக்காவில் ராணுவப் பணியில் ஊனமுற்றவர்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு மத்திய அரசுக் கொள்முதலில் தனி இலக்கு வெகுநாளாகவே இருக்கிறது. 3 சதவீதமாக இருந்ததைச் சமீபத்தில் 5 ஆக்கினார்கள். இங்கே அப்படி ஓர் எண் எழுதப்படும்வரை, டிரையல் ஆர்டர் தருகிறபோது முன்னாள் படைவீரர் பட்டறைகளையும் கூப்பிடுங்கள். பம்ப் ரிப்பேர், டீசல் ஜெனரேட்டர் பராமரிப்பு, வெல்டிங் போன்றவற்றில் அவர்களிடம் இருக்கிற கைப்பழக்கம் சாதாரணமானது இல்லை.

உங்களில் சிலர் மனதில் ஒரு சந்தேகம் இருக்கும். பெண் பெயரில் பதிவு செய்துவிட்டுக் கணவரோ அண்ணனோ நடத்துகிற நிறுவனங்கள், பட்டியல் சாதி டிரைவரின் பெயரில் முதலாளி எடுக்கிற உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, இதெல்லாம் நடக்கிறதே என்று. நடக்கிறது. அதில் நஷ்டப்படுவது நாங்கள்தான். ஆகவே கண்டிப்பாகச் சோதியுங்கள். 51 சதவீதப் பங்கு யாரிடம் என்று காகிதம் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பட்டறைக்கு வாருங்கள். செக்கில் கையெழுத்து யாருடையது, வேலைக்காரர்கள் யாரைக் கேட்டு லீவு எடுக்கிறார்கள், டிராயிங்கைக் காட்டினால் உரிமையாளருக்குப் படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். பினாமியைப் பிடித்தால் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஆனால் பினாமி இருக்கிறார்கள் என்பதைக் காரணமாக்கி உண்மையானவர்களுக்கும் கதவைச் சாத்திவிடாதீர்கள். ஒரு முறை நான் போன ஒரு கூட்டத்தில், 'உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, டெக்னிக்கலா பேசணும்' என்றார் ஓர் அதிகாரி. போரிங் செய்கிற டூலை நான்தான் தீட்டுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

கடைசியாக, ஆண்டுக் கொள்முதல் திட்டம். எந்தப் பொருளை எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே தயாரித்து இணையதளத்தில் போட வேண்டும் என்று அதே 2012 ஆணை சொல்கிறது. சில நிறுவனங்கள் ஒழுங்காகப் போடுகின்றன. சில இடங்களில் 'உதிரி பாகங்கள்', 'பொதுப் பொருள்கள்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன உதிரி பாகம், என்ன உலோகம், எத்தனை என்று எழுதுங்கள். ஆறு மாதம் முன்பே தெரிந்தால் நான் கன்மெட்டல் விலை இறங்கும்போது வாங்கி வைப்பேன், கேஜ் செய்து வைப்பேன், ஆள் பழக்குவேன். பத்து விதப் பாகங்களை ஒரே டெண்டரில் கட்டிப்போட்டு, எல்லாவற்றையும் தரக்கூடியவர் மட்டும் வரலாம் என்பதையும் நிறுத்துங்கள். பிரித்து விட்டால் நான் புஷ்ஷுக்கு மட்டும் போடுவேன், பக்கத்துப் பட்டறை அண்ணன் ஃபிளாஞ்சுக்கு மட்டும் போடுவார்.

வெண்டர் மேம்பாட்டுக் கூட்டங்களை நடத்துகிறீர்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, திட்டங்களைப் பற்றிய ஸ்லைடுகள், சாப்பாடு என்று முடிந்துவிடுகின்றன. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஸ்டோர்ஸிலிருந்து சாம்பிள்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். டிராயிங் நகலும், கடைசியாக வாங்கிய விலையும், ஆண்டுத் தேவையும் ஒவ்வொன்றிலும் சீட்டாக ஒட்டியிருக்கட்டும். கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஒருவர் கூடவே வரட்டும். எங்களில் யாரால் எது முடியும் என்று அங்கேயே சொல்லிவிடுகிறோம். முடியும் என்றவர்களுக்கு அன்றைக்கே டிரையல் என்கொயரி கொடுங்கள். இந்த நிதியாண்டு முடிவதற்குள் ஒரே ஒரு ஆலையாவது இப்படி ஒரு கூட்டத்தை நடத்தினால், இடமும் ஆட்களும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
திருமுடிவாக்கத்திலிருந்து ஒரு பட்டறை உரிமையாளர்